ஜஸ்டிஸ் சொசைட்டி: 1940-இன் சூப்பர்ஹீரோக்களை எந்த வரிசையில் படிப்பது?

2022-இல் ‘பிளாக் ஆடம்’ படம் வந்த பிறகு நண்பர்கள் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். தங்கத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு வரும் அந்தப் பெரியவர் யார்? அது டாக்டர் ஃபேட், நடித்தவர் பியர்ஸ் பிராஸ்னன், அவர் இருக்கும் அணியின் பெயர் ஜஸ்டிஸ் சொசைட்டி ஆஃப் அமெரிக்கா என்று சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: “சரி, முதல் இதழ் எங்கே கிடைக்கும்?”

அங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். 1940-இல் அமெரிக்க காமிக்ஸில் தொடங்கிய கதை இது. முதல் இதழிலிருந்து வரிசையாகப் படிக்கப் போனால் நாலாவது இதழுக்குள் கொட்டாவி வந்துவிடும். நானே அப்படித்தான் இரண்டு முறை கைவிட்டேன். இந்த அணிக்குள் நுழைய வேறு வாசல் இருக்கிறது. அதில் நுழைந்து, பின்னால் போய், மறுபடி முன்னால் வர வேண்டும். ஏனென்றால் இது வயதாகிற ஹீரோக்களின் கதை. சூப்பர்மேனுக்கும் பேட்மேனுக்கும் என்றைக்கும் முப்பது சொச்சம் வயதுதான். இவர்களுக்குத் தலை நரைக்கிறது, பிள்ளைகள் பிறக்கிறார்கள், நண்பர்கள் செத்துப் போகிறார்கள். அந்த வயதை உணர்ந்து படிக்கிற மாதிரி வரிசையை அமைத்திருக்கிறேன்.

படி 1: ஆட்களை அடையாளம் கண்டுகொள்ளுங்கள்

முதல் குழப்பம் பெயர்களில் வரும். ஃப்ளாஷ் என்றால் உங்களுக்கு நினைவுக்கு வருபவர் பேரி ஆலன். கிரீன் லான்டர்ன் என்றால் ஹால் ஜோர்டன். இருவரும் பிற்காலத்தவர்கள். ஜஸ்டிஸ் சொசைட்டியில் இருப்பவர்கள் அந்தப் பெயரை முதலில் வைத்திருந்தவர்கள்.

ஜே காரிக்தான் முதல் ஃப்ளாஷ். முகமூடி கிடையாது, தலையில் இறக்கை வைத்த இரும்புத் தொப்பி மட்டும். பரிசோதனைக் கூடத்தில் சிகரெட் பிடிக்க ஒதுங்கியபோது குடுவைகளைத் தட்டிவிட்டு, அந்த ஆவியைச் சுவாசித்ததால் வேகம் வந்ததாம். இன்று அப்படி ஒரு தோற்றக் கதையை எந்தப் பதிப்பாளரும் அச்சிடமாட்டார்.

ஆலன் ஸ்காட் முதல் கிரீன் லான்டர்ன். ஹால் ஜோர்டனின் மோதிரம் வேற்றுக் கிரகத்துத் தொழில்நுட்பம், மஞ்சள் நிறத்தின் முன் செல்லாது. ஆலனுடையது மந்திர விளக்கிலிருந்து வந்தது, மரத்தின் முன் செல்லாது. ஒரு ரவுடி மரக்கட்டையால் மண்டையில் அடித்தால் ஆள் காலி.

மற்றவர்களை வேகமாகப் பார்த்துவிடலாம். ஹாக்மேன் கார்ட்டர் ஹால், பழைய எகிப்திய இளவரசனின் மறுபிறவி. ஸ்பெக்டர், கொலையுண்ட போலீஸ்காரர் ஜிம் காரிகனின் ஆவி. அதைப் படைத்த ஜெர்ரி சீகல்தான் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். டாக்டர் ஃபேட் ஒரு மந்திரவாதி. ஹவர்மேன் ரெக்ஸ் டைலர் ஒரு மாத்திரை போட்டால் சரியாக ஒரு மணி நேரம் பலசாலி. சாண்ட்மேன் வெஸ்லி டாட்ஸ் வாயு முகமூடி போட்டு, மயக்க வாயுத் துப்பாக்கியால் சுடுபவர். ஆட்டம் என்கிற ஆல் பிராட்டுக்குத் தொடக்கத்தில் சக்தியே கிடையாது, குள்ளமான கல்லூரி மாணவன், இரண்டு முஷ்டிகள், அவ்வளவுதான்.

ஜானி தண்டரைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘சே-யூ’ என்று உச்சரித்தால் மின்னல் பூதம் ஒன்று வந்து ஏவல் செய்யும். ஆங்கிலத்தில் ‘ஸே, யூ’ என்று யாரையாவது கூப்பிட்டாலே அந்த மந்திரம் வாயில் வந்துவிடும் என்பதால், தான் பூதத்தை அழைத்ததே அவனுக்குத் தெரியாது. அணியின் கோமாளி அவன். ஆனால் கடைசியில் மனசைப் பிசைவதும் அவன்தான், பின்னால் வருகிறேன்.

படி 2: 1961-இல் நுழையுங்கள்

முதலில் படிக்க வேண்டிய இதழ் ‘தி ஃப்ளாஷ்’ 123, செப்டம்பர் 1961. கதை கார்ட்னர் ஃபாக்ஸ், ஓவியம் கார்மைன் இன்ஃபான்டினோ, எடிட்டர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ்.

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னணி வேண்டும். 1951-இல் ஜஸ்டிஸ் சொசைட்டி நின்றுபோனது. 1956-இல் ‘ஷோகேஸ்’ 4-ஆம் இதழில் ஷ்வார்ட்ஸ் புதிய ஃப்ளாஷைக் கொண்டுவந்தார். அந்தப் பேரி ஆலன் ஒரு காமிக்ஸ் வாசகன். பழைய ஃப்ளாஷ் இதழைப் படித்துக்கொண்டிருப்பவன், தனக்கும் வேகம் வந்ததும் அதே பெயரைச் சூட்டிக்கொள்கிறான். ஆக அவன் உலகத்தில் ஜே காரிக் வெறும் கதாபாத்திரம்.

123-ஆம் இதழில் பேரி தற்செயலாக வேறொரு உலகத்துக்குள் நழுவுகிறான். அங்கே ஜே காரிக் நிஜ மனிதர், கன்னத்தோரம் நரைத்து, ஓய்வில் இருக்கிறார். உங்கள் கதைகளை எங்கள் உலகத்தில் கார்ட்னர் ஃபாக்ஸ் என்பவர் எழுதினார், அவை கனவில் வந்ததாகச் சொன்னார் என்று பேரி விளக்குகிறான். 1940-இல் ஜேவை எழுதியவரும் ஃபாக்ஸ்தான், இருபத்தோரு வருஷம் கழித்து இந்தக் கதையை எழுதுகிறவரும் அவர்தான். தன் பழைய பிள்ளையைத் தேடிப் போய், தன் பெயரையே சொல்லிக் கதவைத் தட்டுகிறார். எனக்கு அமெரிக்க காமிக்ஸில் இதைவிடப் பிடித்த காட்சிகள் குறைவு.

பழைய ஹீரோக்களின் உலகத்துக்குப் பிறகு எர்த்-டூ என்று பெயர் வைத்தார்கள். இன்றைய படங்களில் ஓடும் ‘மல்டிவர்ஸ்’ (பல உலகங்கள்) வியாபாரம், இந்த இதழ்களை வெளியிடும் டிசி காமிக்ஸில் விதை ஊன்றியது இங்கேதான்.

அடுத்து ‘தி ஃப்ளாஷ்’ 137, 1963. வேண்டல் சேவேஜ் என்ற சாகாத வில்லன் ஓய்வுபெற்ற ஜஸ்டிஸ் சொசைட்டிக்காரர்களைப் பிடித்து அடைத்துவைக்கிறான். விடுபட்டதும் அவர்கள் மறுபடி சேர்ந்து இயங்க முடிவெடுக்கிறார்கள். அதே 1963-இல் ‘ஜஸ்டிஸ் லீக் ஆஃப் அமெரிக்கா’ 21, 22 இதழ்கள் வந்தன. இளைய அணியான ஜஸ்டிஸ் லீக் கண்ணாடிக் கோளத்தைச் சுற்றி உட்கார்ந்து மூத்த அணியான சொசைட்டியை வரவழைக்கிறது. இந்த நாலு இதழ்களையும் ஒரே நாளில் படித்துவிடலாம். இப்போது இவர்கள் இளமையில் எப்படி இருந்தார்கள் என்று பார்க்கும் ஆசை உங்களுக்கே வந்திருக்கும்.

படி 3: இப்போது 1940-க்குப் போங்கள், ஆனால் பொறுக்கிப் படியுங்கள்

‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’ 3-ஆம் இதழ், 1940-41 குளிர்கால இதழாக வந்தது. காமிக்ஸ் வரலாற்றின் முதல் சூப்பர்ஹீரோ அணி இதில் பிறந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். இதழைத் திறந்தால் அணியாகச் சேர்ந்து போடும் சண்டையே இருக்காது, எட்டுப் பேர் விருந்துக்கு உட்கார்ந்து ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பந்தியில் உட்கார்ந்து பழங்கதை பேசும் பெரியப்பாக்கள் மாதிரி.

அப்படி அமைந்ததற்கு வியாபாரக் காரணம் இருந்தது. நேஷனல், ஆல்-அமெரிக்கன் என்ற இரண்டு சகோதர நிறுவனங்களின் ஹீரோக்களை எடிட்டர் ஷெல்டன் மேயரும் ஃபாக்ஸும் ஒரே மேசையில் உட்காரவைத்தார்கள். ஃபேட், ஸ்பெக்டர், ஹவர்மேன், சாண்ட்மேன் ஒரு வீட்டுப் பிள்ளைகள். ஃப்ளாஷ், கிரீன் லான்டர்ன், ஹாக்மேன், ஆட்டம் மற்ற வீட்டுப் பிள்ளைகள். பெயர் பரவ வேண்டியவர்களுக்கு விளம்பரம் தருவதுதான் நோக்கம். அதனால் ஒரு விதி போட்டார்கள்: சொந்தப் பெயரில் பத்திரிகை கிடைத்துவிட்டால் அணியிலிருந்து விலகி கௌரவ உறுப்பினராகிவிட வேண்டும். சூப்பர்மேனும் பேட்மேனும் அப்படித்தான் கௌரவ உறுப்பினர்கள். ஃப்ளாஷ் 6-ஆம் இதழோடும், கிரீன் லான்டர்ன் அதற்கடுத்த இதழோடும் கிளம்பினார்கள். ஃப்ளாஷின் நாற்காலியில் ஜானி தண்டர் உட்கார்ந்தான். ஹாக்மேன் மட்டும் அந்த முதல் விருந்திலிருந்து 1951 வரை ஒரு இதழும் தவறவில்லை. தனிப் பத்திரிகை கிடைக்காதவரின் விசுவாசம் என்று நான் கேலி செய்வதுண்டு.

3-ஐ முழுதாகப் படியுங்கள். விருந்துக்கு ரெட் டொர்னேடோ என்று ஒரு விருந்தாளி வருவார். மா ஹங்கல் என்ற மளிகைக்கடை அம்மாள்தான் அது, தலையில் சமையல் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு ரவுடிகளை உதைப்பவர். ஷெல்டன் மேயரே எழுதி வரைந்த நகைச்சுவைப் பாத்திரம். வந்த வேகத்தில் கால்சட்டை கிழிந்துவிட, உட்காராமலேயே திரும்பிப் போய்விடுகிறார். இந்த அம்மாளை மறந்துவிடாதீர்கள்.

பிறகு 4-ஆம் இதழ். முதன்முறையாக எல்லோரும் ஒரே காரியத்துக்காகப் புறப்படுகிறார்கள். புறப்பட்டதும் பிரிந்து ஆளுக்கொரு அத்தியாயம், கடைசியில் ஒன்றுகூடல். இந்த அமைப்பை ஃபாக்ஸ் பல வருஷம் விடாமல் ஓட்டினார். தொடர்ந்து படித்தால் அலுப்பது இதனால்தான்.

8-ஆம் இதழ் அவசியம். ஸ்டார்மேனும் டாக்டர் மிட்நைட்டும் அணியில் சேர்வது இதில். அதைவிடப் பெரிய விஷயம், இதே இதழில் தனிக்கதையாக வொண்டர் வுமன் முதன்முதலாகத் தோன்றுகிறார். சில இதழ்களுக்குப் பிறகு அவரும் அணிக்கு வந்தார். கடவுளர்களின் பலம் கொண்ட அமேசான் இளவரசிக்கு இவர்கள் கொடுத்த பதவி செயலாளர், குறிப்பெடுக்கும் வேலை. ஆண்கள் சண்டைக்குப் போக, அவர் ஆபீஸில் இருப்பார். படிக்கும்போது கோபம் வரும், வரட்டும்.

போர்க்கால இதழ்களில் அணியின் பெயரே ஜஸ்டிஸ் பட்டாலியன் என்று மாறும். ஜப்பானியர்களை அவற்றில் வரைந்திருக்கும் விதம் அப்பட்டமான இனவெறி. வரலாற்று ஆவணமாகப் பார்க்க முடிந்தால் புரட்டுங்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

1945 வாக்கில் இரண்டு நிறுவனங்களுக்கும் பிணக்கு வந்தபோது, ஸ்டார்மேனும் ஸ்பெக்டரும் விடைபெறாமலே மறைந்தார்கள், ஃப்ளாஷும் கிரீன் லான்டர்னும் திரும்பினார்கள். போருக்குப் பிந்தைய இதழ்களில் 37 நல்ல தேர்வு, வில்லன்கள் சேர்ந்து இன்ஜஸ்டிஸ் சொசைட்டி அமைக்கும் கதை. அப்புறம் நேராக 57-க்குப் போங்கள், 1951. கடைசி இதழ் என்ற அறிகுறியே அதில் இருக்காது. சூப்பர்ஹீரோக்களின் விற்பனை சரிந்திருந்தது. அடுத்த இதழ் ‘ஆல்-ஸ்டார் வெஸ்டர்ன்’ 58 என்று வந்தது, உள்ளே முழுக்க கௌபாய்கள். வழியனுப்பு விழா கூட இல்லை.

படி 4: ஆண்டுதோறும் ஒரு சந்திப்பு

1963-இல் தொடங்கிய லீக்-சொசைட்டி சந்திப்பு 1985 வரை வருஷம் தவறாமல் நடந்தது. ஊர்த் திருவிழாவுக்கு உறவினர் கூடுவது மாதிரி வாசகர்கள் காத்திருந்தார்கள். எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. 1964-இன் 29, 30 இதழ்கள் போதும், ஹீரோக்களெல்லாம் கெட்டவர்களாக இருக்கும் எர்த்-த்ரீ அதில் வருகிறது. அதற்குப் பிறகு 1969-இன் 73, 74. அணியின் வீராங்கனை பிளாக் கனேரியின் கணவர் லாரி லான்ஸ் அதில் இறக்கிறார், கனேரி அந்த உலகத்தையே விட்டு லீக்கின் உலகத்துக்கு வந்துவிடுகிறார். இந்த அணியில் ஒருவரின் துக்கம் அடுத்த இதழில் துடைத்துப் போகாது என்பது முதலில் தெரியும் இடம் இது.

படி 5: 1976 முதல் 1979 வரை, நிதானமாக

என்னைக் கேட்டால் இந்தப் படிதான் அடித்தளம். 1976-இல் ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’ திரும்ப வந்தபோது, கௌபாய்க் காலத்தைக் கண்டுகொள்ளாமல் 57-க்கு அடுத்து 58 என்றே எண் போட்டார்கள். அதனால் ஆல்-ஸ்டார் வரிசையில் இரண்டு 58 உண்டு. பழைய புத்தகம் வாங்கும்போது கவனம். கெர்ரி கான்வே எழுத, பவர் கேர்ள் இதில் அறிமுகமானாள், எர்த்-டூ சூப்பர்மேனின் உறவுக்காரப் பெண். பின்னால் பால் லெவிட்ஸ் எழுத்தும் ஜோ ஸ்டேட்டன் ஓவியமுமாகத் தொடர்ந்தது. அந்த உலகத்தின் பேட்மேனுக்கும் கேட்வுமனுக்கும் பிறந்த மகள் ஹன்ட்ரஸ் வந்தாள். யோசித்துப் பாருங்கள், பேட்மேனுக்குக் கல்யாண வயதில் ஒரு மகள், அவர் போலீஸ் கமிஷனர், தலை நரைத்துவிட்டது.

74-ஆம் இதழோடு பத்திரிகை நிறுத்தப்பட, கதை ‘அட்வெஞ்சர் காமிக்ஸ்’ 461-க்கு இடம் மாறியது. 1979-இல் வந்த 462-ஆம் இதழில் அந்தப் பேட்மேன் சாகிறார். கனவு, போலி, இயந்திரப் பொம்மை என்று எந்தச் சாக்கும் இல்லை.

466-ஆம் இதழைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். 1951-இல் இவர்கள் ஏன் காணாமல் போனார்கள் என்பதற்கு லெவிட்ஸ் சொல்லும் விடை அது. கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலம், நாடாளுமன்றக் குழு ஒன்று அணியை அழைக்கிறது. முகமூடியைக் கழற்றி உங்கள் அடையாளத்தைக் காட்டுங்கள், விசுவாசத்தை நிரூபியுங்கள் என்கிறது. நாட்டுக்காகப் போரிட்டவர்கள் மறுத்துவிட்டு மறைந்துபோகிறார்கள். விற்பனை விழுந்ததால் நின்ற ஒரு பத்திரிகைக்கு, இருபத்தெட்டு வருஷம் கழித்து இப்படியொரு மானமுள்ள முடிவு கிடைத்தது. படி 3-இல் 57-ஆம் இதழைப் படிக்கச் சொன்னதே இதற்காகத்தான்.

படி 6: ராய் தாமஸ் காலம், விருப்பப்பட்டால்

ராய் தாமஸ் 1940-இல் பிறந்தவர், அணிக்கும் அவருக்கும் ஒரே வயது. 1981-இல் அவர் தொடங்கிய ‘ஆல்-ஸ்டார் ஸ்குவாட்ரன்’ 67 இதழ்கள் ஓடியது, பேர்ல் ஹார்பர் தாக்குதலின்போது தொடங்குகிறது. பழைய கதைகளில் இருந்த ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒட்டுப் போடுவது அவர் பொழுதுபோக்கு. இத்தனை பலசாலிகள் ஹிட்லரை ஒரே நாளில் முடித்திருக்கலாமே? அவனிடம் ஒரு மாய ஈட்டி இருந்தது, நெருங்கினால் இவர்கள் வசமிழந்துவிடுவார்கள். 1940-இல் வாலிபர்களாக இருந்தவர்கள் இன்னும் எப்படித் திடமாக நடமாடுகிறார்கள்? இயன் கார்கல் என்ற வில்லனின் சக்தி மேலே பட்டதால் மூப்பு தள்ளிப்போனது. கணக்கப்பிள்ளையின் ஆர்வத்தோடு எழுதியிருப்பார். அது பிடிப்பவர்களுக்கு விருந்து, மற்றவர்கள் தாண்டிப் போகலாம். பிள்ளைகள் தலைமுறையின் ‘இன்ஃபினிட்டி இன்க்.’ தொடருக்கும் இதே பேச்சுதான்.

1985-86-இல் ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ எல்லா உலகங்களையும் ஒன்றாக்கியது, எர்த்-டூ போயிற்று. 1986-இல் அணியை முடிவற்ற புராணப் போர் ஒன்றுக்குள் தள்ளிக் கதவை மூடினார்கள். 1992-இல் மீட்டார்கள். 1994-இன் ‘ஜீரோ அவர்’ கதையில் ஆட்டத்தையும் ஹவர்மேனையும் மிட்நைட்டையும் கொன்றார்கள், மற்றவர்களுக்கு நிஜ வயதைக் கொடுத்தார்கள். இவற்றைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் போதும், காசு செலவழிக்க வேண்டாம்.

படி 7: 1999, இளையவர்கள் வருகிறார்கள்

ஒரே ஒரு தொடர்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ‘ஜேஎஸ்ஏ’ (அணிப் பெயரின் ஆங்கிலச் சுருக்கம்), 1999 முதல் 2006 வரை 87 இதழ்கள். ஜேம்ஸ் ராபின்சனும் டேவிட் கோயரும் தொடங்கினார்கள், சீக்கிரமே ஜெஃப் ஜான்ஸ் சேர்ந்து தொடரைத் தன்னுடையதாக்கிக்கொண்டார்.

முதல் இதழ் ஓர் இறுதிச்சடங்கில் தொடங்குகிறது. செத்தவர் பழைய சாண்ட்மேன் வெஸ்லி டாட்ஸ். ஜே காரிக், ஆலன் ஸ்காட், குத்துச்சண்டைக்காரர் வைல்ட்கேட் மூவரும் வீட்டுப் பெரியவர்கள். சுற்றிலும் பழைய பெயர்களைச் சுமக்கும் புதியவர்கள்: மைக்கேல் ஹோல்ட் என்ற புதிய மிஸ்டர் டெரிஃபிக், புதிய ஹாக்கேர்ள், புதிய மிட்நைட். பின்னாளில் ஸ்டார்கேர்ள் ஆகும் கோர்ட்னி விட்மோர் என்ற பள்ளிச் சிறுமியும் உண்டு. 1996-இல் டிடபிள்யூஏ 800 விமான விபத்தில் இறந்த தன் தங்கை கோர்ட்னியை நினைத்து ஜான்ஸ் உருவாக்கிய பாத்திரம் அவள். அதைத் தெரிந்துகொண்டு படித்தால், அந்தச் சிறுமி ஏன் எப்போதும் அவ்வளவு உயிர்ப்போடு இருக்கிறாள் என்று புரியும். 2020 முதல் மூன்று பருவங்கள் வந்த தொலைக்காட்சித் தொடர் அவளுடையதுதான்.

படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் 56 முதல் 58 வரையிலான ‘பிளாக் ரெய்ன்’ கதையைத் தவறவிடக் கூடாது. இதன் பாதி ‘ஹாக்மேன்’ இதழ்களில் இருக்கிறது, இரண்டும் சேர்ந்த தொகுப்பாக வாங்குங்கள். பிளாக் ஆடம் கான்டாக் நாட்டைக் கைப்பற்றுகிறான், தடுக்கப் போகிற அணி தனக்குள்ளேயே உடைகிறது. படத்தைவிட இதில் யார் பக்கம் நியாயம் என்று சொல்வது கஷ்டம்.

இதோடு ராபின்சனின் ‘ஸ்டார்மேன்’ தொடரையும் படித்தால் நல்லது. அப்பாவின் வேஷம் வேண்டாம் என்று பழம்பொருள் கடை நடத்தும் மகனின் கதை.

படி 8: அதற்குப் பின்

2007-இல் ஜான்ஸ் எழுதி, டேல் ஈகிள்ஷாம் வரைந்து புதிய தொடர் வந்தது. முதல் ஒன்றிரண்டு தொகுப்புகள் நன்றாக இருக்கும். 2011-இல் டிசி தன் உலகத்தையே புதிதாகத் தொடங்கியபோது இந்த அணி இருந்த சுவடே இல்லாமல் போனது. 2016-இல் ‘டிசி யூனிவர்ஸ்: ரீபர்த்’ சிறப்பிதழில் ஒரு காட்சி. முதியோர் இல்லத்தில் இருக்கும் ஜானி தண்டர், புயல் மழையில் மொட்டைமாடிக்கு ஏறித் தன் மின்னல் பூதத்தைக் கூப்பிடுகிறார். நண்பர்கள் யாரும் நினைவில்லாத உலகத்தில் அவருக்கு மட்டும் நினைவிருக்கிறது. 1940-இன் கோமாளியைப் பார்த்துவிட்டு இதைப் பாருங்கள். அணி முழுதாகத் திரும்பியது 2019-இல், ‘டூம்ஸ்டே கிளாக்’ கடைசி இதழில்.

படி 9: வாங்கும்போது

‘ஜஸ்டிஸ் சொசைட்டி ஆஃப் அமெரிக்கா’ என்ற ஒரே தலைப்பில் 1991, 1992, 2007, 2022 என நான்கு தொடர்கள் உண்டு. ‘ஜேஎஸ்ஏ’ என்பதிலும் 1999, 2024 என இரண்டு. நான் இணையத்தில் 2007 தொகுப்பு என்று நினைத்துக் காசு கட்டினேன், வந்தது 1992-இன் தொகுப்பு. விற்றவர் மேல் தப்பில்லை, ஆண்டைப் பார்க்காதது நான்தான். தலைப்போடு ஆண்டையும் கதாசிரியர் பெயரையும் ஒத்துப் பாருங்கள்.

1940-களின் கதைகள் ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ் ஆர்கைவ்ஸ்’ என்ற கெட்டி அட்டைத் தொகுதிகளில் உள்ளன. 11 தொகுதிகள், பிறகு வெளிவந்த பூஜ்யம் எண்ணிட்ட ஒன்று. உங்களுக்கு முதலில் வேண்டிய 3, 4 இரண்டும் முதல் தொகுதியிலேயே உண்டு, முழு செட்டுக்கு அலையாதீர்கள். லீக்-சொசைட்டி சந்திப்புகள் ‘கிரைசிஸ் ஆன் மல்டிபிள் எர்த்ஸ்’ என்ற பெயரில் கிடைக்கும். ஜான்ஸின் ஆம்னிபஸ் என்னும் தடித்த தொகுதிகள் பார்க்க அழகு, படுத்துக்கொண்டு படித்தால் மூக்கு உடையும்.

படி 10: ஒரே ஒரு இதழ்

எல்லாம் முடிந்த பிறகு படிக்க ‘ஜேஎஸ்ஏ’ 55-ஐ மிச்சம் வைத்திருங்கள். 2004-இன் தொடக்கத் தேதியிட்ட கிறிஸ்துமஸ் கதை. அன்று கால்சட்டை கிழிந்து விருந்திலிருந்து திரும்பிப் போன மா ஹங்கல் இதில் வருகிறார். ரவுடிக் கூட்டத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டுப் பல வருஷம் பெயர் மாற்றி ஒளிந்து வாழ்ந்தவர், இப்போது கிழவி. அணியின் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கிறார்கள். படித்து முடித்ததும் ‘ஆல் ஸ்டார்’ 3-ஐ மறுபடி எடுத்து, அவர் வந்து போகும் பக்கத்தை ஒருமுறை பாருங்கள்.